குதிரைக்கு ஆர்.சி. புத்தகம்

டெண்டர் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். தினக்கூலி வாட்ச்மேனாகச் சேர்ந்து அலுவலக உதவியாளராக ஓய்வு பெற்றேன். சட்டத்தை உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

டெண்டரில் என் வேலை இவ்வளவுதான். நோட்டீஸ் ஒட்டுவது. பெட்டியைப் பூட்டி, சாவியை அதிகாரியிடம் கொடுப்பது. நேரம் முடிந்ததும் பெட்டிக்கிட்டே யாரையும் விடாமல் நிற்பது. திறக்கிற அன்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது. பெரிய வேலையெல்லாம் இப்போது ஆன்லைனில் போய்விட்டது. சின்ன வேலைக்குத்தான் பெட்டி.

பெட்டிக்கிட்டே நிற்கிறவன் ஜெயித்த முகத்தையும் தோற்ற முகத்தையும் ஒரே சமயத்தில் பார்ப்பான். மற்றவர்கள் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பார்த்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

இந்த மலையில் ரோடு இல்லாத ஊர் ஒன்று உண்டு. பெயர் வேண்டாம். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். அங்கே ஒரு தொடக்கப் பள்ளி. பிள்ளைகளின் மதியச் சோற்றுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை எல்லாம் குதிரை முதுகில்தான் போகும். செல்லையா என்பவர் பல வருடமாகச் சுமந்தார். நான்கு குதிரை வைத்திருந்தார். பள்ளி வாத்தியார் வாய்வார்த்தையாகச் சொல்வார். அவர் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

தணிக்கைக்கு வந்தவர்கள், டெண்டர் இல்லாமல் ஒரே ஆளுக்கு எப்படி வருடக்கணக்காக வேலை கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்த வருடம் முதல்முறையாக டெண்டர் விட்டோம்.

அப்போது எங்கள் அதிகாரி ஒரு அம்மா. மேடம் என்றே சொல்கிறேன். கீழே சமவெளியில் பிறந்தவர். மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாது. வெயில் அடிக்கிற மதியத்திலும் காதைச் சுற்றி மப்ளர் இருக்கும். எனக்கு வேலை கற்றுத் தந்தவர் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பெட்டியைத் திறந்தால் ஒரே ஒரு கவர். செல்லையாவுடையது. பிரிவு எழுத்தர் சேவியர் கவரைப் பிரித்தார். அட்டுவம்பட்டிக்காரர், சுறுசுறுப்பான ஆள். ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டே வந்து நிறுத்தினார்.

“அண்ணே, ஆர்.சி. புக்கு எங்க?”

“எதுக்கு தம்பி?”

“வண்டிக்கு.”

“வண்டி ஏது? குதிரையில்ல.”

“நிபந்தனையில கேட்டிருக்குண்ணே. ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி.”

செல்லையா கொஞ்சம் யோசித்தார். “எஃப்.சி.ன்னா என்னது?”

“வண்டி ஓடுறதுக்குத் தகுதியா இருக்குன்னு சர்ட்டிபிகேட்.”

“அப்ப வெளிய வாங்க. கேட்டுலதான் கட்டிக் கெடக்கு. ஓடுதா இல்லையான்னு நீங்களே பாத்துக்கிருங்க.”

அறையே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. நிபந்தனைத் தாளைக் கையில் வாங்கி முதலிலிருந்து படித்தார். கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்து இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

நடந்தது இதுதான். கீழே லாரிக்கு விடுகிற டெண்டரின் நிபந்தனைகளை அப்படியே எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். மலை அலுவலகத்தில் இது சகஜம். தாளெல்லாம் கீழிருந்து வரும். லாரி வராத ஊருக்கும் லாரித் தாள்தான் வரும். அச்சடித்தவர், சரிபார்த்தவர், கையெழுத்துப் போட்டவர், யாருக்கும் உறைக்கவில்லை.

பள்ளி திறக்க அதிக நாள் இல்லை. மழையும் வரப்போகிறது. வாத்தியார் வந்திருந்தார். அவர்தான் முதலில் பேசினார்.

“மேடம், இது ஒரு விஷயமா? அந்த ஒரு வரிய அடிச்சு விட்ருங்க. செல்லையாவ விட்டா வேற யாரு இருக்கா?”

சேவியருக்கு வேறு யோசனை தோன்றியது. “எங்க மச்சான் ஜீப்பு இருக்கு மேடம். அந்த ஆர்.சி.ய வாங்கி வச்சிரலாம்.”

“ஜீப்பு அந்த ஊருக்கு எப்படிப் போகும்?”

“ஊருக்குப் போகாது மேடம். ஃபைலுக்குப் போகும்.”

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை மேடமும் சிரித்துவிட்டார். பிறகு தாளை மேசையில் வைத்தார்.

“சேவியர், நாளைக்கு ஒருத்தர் வந்து, ஜீப்புன்னுதான எழுதியிருக்கு, எந்த ரோட்டுல போச்சுன்னு கேட்டா இவருதான் மாட்டுவாரு. நாம இல்ல.”

செல்லையாவுக்கு அது புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் நிலைமையைச் சொல்ல வேண்டும். முன்பு பல ஊருக்கு அவர் குதிரை போகும். ஒவ்வொரு ஊராக ரோடு வந்தது. ரோடு வந்த ஊரில் குதிரைக்கு வேலை இல்லை. கடைசியாக மிஞ்சியது இந்தப் பள்ளிச் சுமை ஒன்றுதான். இது போனால் குதிரைகளை விற்க வேண்டியதுதான். அன்று அறையில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். மேடத்துக்கும் தெரியும்.

மேலிடத்திலிருந்து போன் வந்தது. மறுமுனையில் பேசியவர் குரல் எங்களுக்கே கேட்டது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. “பிள்ளைங்க சோறும்மா. ஒரு வரிக்காக நிறுத்தாதீங்க. அந்தாளுக்கே குடுத்து வெரசா முடிங்க” என்றார்.

“சோறு நிக்காது சார். டெண்டர்தான் நிக்கும்” என்று சொல்லி போனை வைத்தார் மேடம்.

வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. “யாருக்காக மேடம் நிறுத்துறீங்க? இங்க போட்டிக்கு ஆளே இல்லையே.”

“இந்த நோட்டீஸப் பாத்துட்டு, நம்மகிட்ட ஆர்.சி. இல்லையேன்னு திரும்பிப் போன ஆள் ஒருத்தர் இருந்தா?”

“அப்படி எவன் இருக்கான்? ஏரிக்கரைக் குதிரையெல்லாம் டூரிஸ்ட்டச் சுமக்கும். அரிசி மூட்டையச் சுமக்குமா?”

“இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியாது சார். தெரியாதுங்கிறதுனாலதான் நிறுத்துறேன். அவரை வர வேண்டாம்னு சொன்ன வரிய, வந்தவருக்கு மட்டும் நான் எப்படி அடிக்கிறது?”

செல்லையா என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை. அவசரத்துக்குச் சின்ன அளவில் வேலை கொடுக்க அதிகாரிக்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. அந்த வழியில், காரணத்தை எழுதி மேலே அனுப்பிவிட்டு, புது டெண்டர் முடியும் வரை செல்லையாவையே சுமக்கச் சொன்னார். இந்தச் சுமை புது டெண்டரில் கணக்குக்கு வராது என்று அவரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார். சட்டத்தில் வழியே இல்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால், படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாரா என்று கேளுங்கள்.

புது நிபந்தனை எழுதும்போது நான் ஒன்று சொன்னேன். “செல்லையாவக் கூப்பிட்டுக் கேட்டா எல்லாம் சொல்வாருங்க.”

“சொல்வாரு. அவர்ட்ட கேட்டு எழுதினா அது அவருக்காக எழுதின டெண்டர் ஆயிரும்” என்றார்.

கால்நடை மருத்துவரிடம் கேட்டார். ஒரு குதிரைக்கு எவ்வளவு பாரம், என்ன சான்று, மழையில் மூட்டையை எப்படி மூடுவது, முட்டைக்கு எந்த மாதிரிப் பெட்டி என்று எழுதினார். ஒருநாள் அந்தப் பாதையில் நடந்துபோய் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் கால் வீங்கி செருப்பு போட முடியவில்லை.

புது நோட்டீஸை வில்பட்டி, வடகவுஞ்சி என்று சுற்றுவட்டாரம் எல்லாம் ஒட்டினேன்.

பெட்டி திறக்கிற நாள் வந்தது. கையை விட்டால் இரண்டு கவர்.

ஒன்று செல்லையாவுடையது. இன்னொன்றுக்குப் பெயர் கூப்பிட்டேன். லெட்சுமி. வாசல் பக்கத்தில் ஒரு பெண் எழுந்தார். ஸ்வெட்டருக்கு மேல் துண்டு போட்டிருந்தார். வடகவுஞ்சிப் பக்கம். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவர் கணவர் எஸ்டேட்டுகளில் காப்பியும் ஆரஞ்சும் குதிரையில் இறக்கியவர். அவர் இறந்துபோன பிறகு மூன்று குதிரையையும் இவரே பார்க்கிறார்.

தாள் எல்லாம் சரியாக இருந்தது. சேவியர் இரண்டு ரேட்டையும் சத்தமாகப் படித்தார். லெட்சுமி குறைவு.

மேடம் கேட்டார். “மொதத் தடவை ஏம்மா போடல?”

“ஆர்.சி. புக்கு வேணும்னு போட்டிருந்திச்சி தானே அம்மா. எங்ககிட்ட மூணு குதிரை இருக்கு, புக்கு இல்ல. வாசிச்சிட்டுத் திரும்பிட்டேன்.”

அன்றும் வந்திருந்த வாத்தியார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சேவியர் தாளை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார்.

செல்லையா எழுந்தார். “அதே ரேட்டுக்கு நானும் செய்றேங்கம்மா. அதுக்குக் கீழயும் செய்றேன்.”

“பெட்டி தொறந்தப்புறம் ரேட்ட மாத்த முடியாதுங்கய்யா.”

“இத்தன வருசம் சொமந்திருக்கேனே?”

“சொமந்தீங்க. இந்தத் தாள்ல அதுக்கு மார்க் போட எடமில்ல.”

அவர் அப்படியே நின்றார். இந்த இடத்தில் சாதாரணமாக என்ன நடக்கும் தெரியுமா? அதிகாரி எழுந்து உள்ளே போய்விடுவார். தோற்றவரை வெளியே அழைத்துப் போவது என் வேலையாகிவிடும். அந்த வேலையை நிறையத் தடவை செய்திருக்கிறேன்.

மேடம் உள்ளே போகவில்லை. மேசையைச் சுற்றி வந்து, செல்லையாவைப் பெஞ்சில் உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏன் அவருக்குக் கிடைக்கவில்லை என்று சாதாரண வார்த்தையில் சொன்னார். அந்தம்மாவால் வேலையைச் செய்ய முடியாமல் போனால் ஒப்பந்தப்படி என்ன ஆகும் என்றும் மறைக்காமல் சொன்னார். கடைசியில் சொன்னார்:

“நான் எடுத்த முடிவு தப்புன்னு நெனச்சா மேல முறையீடு பண்ணலாம். எழுத ஆள் இல்லேன்னா சேவியர் எழுதித் தருவாரு.”

செல்லையா நம்பவில்லை. “உங்க மேலயே பெட்டிசன். அத உங்க ஆளே எழுதுவாராங்க?”

“எழுதுவாரு. நல்லாவே எழுதுவாரு.”

செல்லையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “வேணாங்கம்மா. கெளம்புறேன்.”

போகும்போது லெட்சுமியின் முன்னால் கொஞ்சம் நின்றார். பிறகு படியிறங்கிப் போனார்.

முதல் சுமை போகிற அன்று, கூடப் போய்ப் பார்த்து வரச் சொல்லி மேடம் என்னை அனுப்பினார். வெள்ளனே கிளம்பினோம். பனி விலகவில்லை. லெட்சுமியின் குதிரைகள் எஸ்டேட் பாதையில் பழகியவை. ஓடை வரைக்கும் நன்றாக வந்தன. ஓடைக்கு மேல் மரக்கட்டை போட்ட பாலம். முதல் குதிரை பாலத்தில் மூக்கை வைத்துப் பார்த்தது. பின்வாங்கியது. அதைப் பார்த்து மற்ற இரண்டும் நின்றுவிட்டன. லெட்சுமி தட்டிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். அசையவில்லை. முட்டைப் பெட்டி ஆடிக்கொண்டிருந்தது.

ஓடையோரம் செல்லையா தன் குதிரைகளை மேய்த்துக்கொண்டிருந்தார்.

முதல் சுமையே போய்ச் சேரவில்லை என்றால் நான் அப்படித்தான் எழுத வேண்டும். அப்படியே ஒன்றிரண்டு தடவை நடந்தால் ஒப்பந்தம் ரத்தாகும். ரத்தானால் சுமை திரும்பி யாரிடம் வரும் என்பது செல்லையாவுக்குத் தெரியும். மேடமே சொல்லியிருக்கிறார். அவர் சும்மா நின்றால் போதும்.

கொஞ்ச நேரம் சும்மாதான் நின்றார். பிறகு பாலத்தடிக்கு நடந்து வந்தார்.

“ஏம்மா, அத ஏன் அடிக்கிற? அது பாலத்தப் பாக்குது. பாலத்தப் பாக்கவிடக் கூடாது. முன்ன போற குதிர வாலப் பாக்கவிடணும்.”

“முன்ன போகத்தான் ஒண்ணும் மாட்டேங்குதே அண்ணே.”

“அதான் நான் வந்துட்டேன்ல.”

தன் வெள்ளைக் குதிரையைப் பிடித்து வந்து முன்னால் விட்டார். கிழட்டுக் குதிரை. அது பாட்டுக்குப் பாலத்தில் ஏறி நடந்தது. லெட்சுமியின் குதிரைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பாலம் தாண்டியும் அவர் திரும்பவில்லை. ஊர் வரைக்கும் முன்னால் நடந்தார். எங்கே வழுக்கும், எங்கே மூச்சு வாங்கவிட வேண்டும் என்று காட்டிக்கொண்டே போனார். ஊரில் பிள்ளைகள் ஓடி வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். “இனிமே அந்த அக்காதான் கொண்டு வருவாக” என்று கையைக் காட்டினார்.

திரும்பி வந்து மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன்.

“கூலி வாங்கினாரா?”

“இல்லைங்க.”

“சுமை யார் குதிரையில?”

“எல்லாம் லெட்சுமி குதிரையில. அவர் குதிரை வெறும் முதுகோடதான் போச்சு.”

“அப்ப ஒப்பந்தத்துல மீறல் இல்ல.” மப்ளர் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார். “முட்டை?”

“பாலத்துக்கிட்ட ஆடுனதுல கொஞ்சம் ஒடஞ்சிருச்சுங்க.”

“குறிச்சு வைங்க. பில்லுல கழிக்கணும்.”

கழித்தோம்.

மழைக்காலத்தில் பாரத்தைக் குறைத்து ஏற்ற வேண்டியிருந்ததால் மூன்று குதிரை போதவில்லை. செல்லையாவின் குதிரைகளைச் சேர்த்துக்கொள்ள லெட்சுமி அனுமதி கேட்டு வந்தார். எழுத்தில் அனுமதி இல்லாமல் வேலையை வேறு ஆளோடு பங்கு போடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அனுமதி பெற்றால் செய்யலாம் என்றும் அதே வரியில் இருக்கிறது. நாம் பாதி வரியில் நின்றுவிடுகிறோம். மேடம் முழு வரியையும் படித்தார். காரணம் எழுதி அனுமதி கொடுத்தார். அதில் செல்லையாவின் இரண்டு குதிரைக்கு வேலை கிடைத்தது.

மற்ற இரண்டுக்கு வேலை இல்லை. ஏரிக்கரையில் சவாரி விடுகிறவர் ஒருவர் கேட்டார். செல்லையா விற்றார்.

இனி உங்களுக்கு ஒரு வார்த்தை. நிபந்தனைத் தாளை எழுதும்போது வராத ஆளை நினையுங்கள். பெட்டியைத் திறந்த பிறகு யாரையும் நினைக்காதீர்கள். எல்லாம் முடிந்த பிறகு தோற்றவர் முகத்தைப் பாருங்கள். ஃபைலை மூடியதோடு நம் வேலை தீர்ந்தது என்று நானும் ரொம்ப நாள் இருந்தேன். எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள்.

குதிரை கைமாறுகிற அன்று மேடம் என்னைக் கூப்பிட்டார். “ஏரி வரைக்கும் போய்ட்டு வருவோம்.” ஆபீஸ் ஜீப்பை எடுக்கச் சொல்லவில்லை. நடந்தே போனோம். சீசன் கூட்டம். செல்லையா இரண்டு கயிற்றையும் கையில் பிடித்து நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். வாங்குகிறவர் வந்தார். கயிறு கைமாறியது.

குதிரைகள் கொஞ்ச தூரம் போனதும் மேடம் கேட்டார். “நான் செஞ்சது தப்பாய்யா?”

“தப்பில்லங்கம்மா” என்றார் செல்லையா. “தப்பா இருந்தா உங்களத் திட்டிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். சரியா செஞ்சுட்டீங்க. திட்டக்கூட வழியில்ல.”

மேடம் அங்கேயே நின்றார். அதில் ஒரு குதிரைமேல் சவாரிக்கார ஆள் ஒருவன் ஒரு பிள்ளையை ஏற்றி உட்கார வைத்தான். செல்லையா கையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

“ஏலே, தண்ணி காட்டிட்டு ஏத்துலே!”

அந்த ஆள் பிள்ளையை இறக்கிவிட்டுத் தண்ணீர் காட்டினான். குதிரை குடித்து முடிக்கும் வரை மூன்று பேரும் நின்று பார்த்தோம்.